சீட்டைத் தொடாமலே ஏமாத்துறது எப்படி: 2015 பிரிட்ஜ் விவகாரம்

சீட்டாட்டத்துல ஏமாத்துறதுன்னாலே நம்ம ஆளுங்களுக்கு முதல்ல ஞாபகம் வர்றது சீட்டு கலைக்கிறவன் கைதான். அடிச்சீட்டை உருவிப் போடுறான், நகத்தால ஓரத்துல குறி வெச்சிருக்கான், வெட்டுன கட்டை மறுபடி பழைய மாதிரியே சேத்துட்டான், இப்படித்தான் சந்தேகம் போகும். அதெல்லாம் நடக்காதுன்னு சொல்லல. ஆனா ரெண்டு ரெண்டு பேரா ஜோடி சேந்து ஆடுற ஆட்டத்துல அவ்ளோ வித்தை எதுவும் தேவையே இல்ல, 304ஓ 28ஓ ஆடுனவங்களுக்குத் தெரியும், மீசையைத் தடவுனா ஒரு அர்த்தம், தொண்டையைச் செருமுனா ஒரு அர்த்தம், "என்ன மாப்ள வெயில் இப்படி கொளுத்துது"ன்னா அதுக்கும் ஒரு அர்த்தம். சீட்டுல ஒரு தப்பும் இருக்காது, எத்தனை தடவை எண்ணிப் பாத்தாலும் கணக்கு சரியா இருக்கும், ஆனா ஆட்டம் முடிஞ்சு போயிருக்கும்.

இதே விஷயம் பிரிட்ஜ்ங்கற சீட்டாட்டத்துல உலக சாம்பியன்ஷிப் லெவல்ல நடந்துச்சு. 2015ல ஆகஸ்ட், செப்டம்பர்னு சில வாரத்துக்குள்ள நாலு பெரிய ஜோடிங்க மேல குற்றச்சாட்டு வந்து, கடைசில அந்தப் புயல் நேரா சென்னைல வந்து கரையைக் கடந்துச்சு. நம்ம ஊர்ல நடந்தும் இங்க அதைப் பத்தி ரொம்பப் பேர் பேசல, பிரிட்ஜ் ஆடுற கூட்டம் சின்னதுங்கறதால இருக்கலாம்.

ஆட்டம் தெரியாதவங்களுக்கு சுருக்கமா சொல்லிடறேன், 28 தெரிஞ்சா பாதி தெரிஞ்ச மாதிரிதான். ஆளுக்கு 13 சீட்டு, எதிரெதிர்ல உக்காந்திருக்கவங்க பார்ட்னர். முதல்ல துருப்பு எது, எத்தனை சுத்து எடுப்போம்னு மாத்தி மாத்தி கேப்பாங்க. கேட்டு ஜெயிச்சவருக்கு இடது பக்கம் இருக்கற எதிராளிதான் முதல் சீட்டை இறக்கணும், அதுக்கப்புறம்தான் ஜெயிச்சவரோட பார்ட்னர் தன் கையை டேபிள்ல விரிச்சு வைப்பார். ஆக அந்த முதல் சீட்டு இருக்கே, அது கிட்டத்தட்ட கண்ணைக் கட்டிக்கிட்டு இறக்குற சீட்டு. தன் கைல இருக்கற 13, கேட்டப்போ யார் என்ன சொன்னாங்கங்கறது, இது ரெண்டை வெச்சு மட்டும்தான் முடிவு பண்ணணும். உலகத்துல முதல் பத்து இடத்துல இருக்கறவங்களே இதுல அடிக்கடி தப்பா இறக்குவாங்க. இதுல பார்ட்னர் மட்டும் "ஆட்டின் இறக்கு"ன்னு எப்படியாவது சொல்லிட்டா போதும், வேற எதுவும் வேணாம், அந்த ஜோடியை ஜெயிக்கறது ரொம்பக் கஷ்டம்.

ஒரு கற்பனைக்கு, உங்க கைல இஸ்பேட்ல அஞ்சு சீட்டு, ராஜாவோட. ஆட்டின்ல ரெண்டே ரெண்டு உதவாக்கரை சீட்டு. எதிராளி துருப்பே இல்லாம ஆடப் போறான். யாரைக் கேட்டாலும் இஸ்பேடைத்தான் இறக்கச் சொல்வாங்க. நீங்க ஆட்டினை இறக்கறீங்க, பார்ட்னர்கிட்ட ஏஸ், ராணி, ஜாக்கின்னு ஆட்டின் வரிசையா இருக்கு, எதிராளி அங்கயே காலி. ஒரு தடவை நடந்தா "யோகம்டா"ன்னு விட்டுடலாம். மாசக்கணக்கா நடந்தா?

பிரிட்ஜ்ல இன்னொரு விசேஷம், பெரிய போட்டிகள்ல ஒரே சீட்டைத்தான் எல்லா டேபிள்லயும் ஆடுவாங்க. போர்டுன்னு ஒரு பிளாஸ்டிக் தட்டு, அதுல நாலு பாக்கெட், நாலு பேரோட 13 சீட்டும் கலையாம அதுல இருக்கும், ஒரு டேபிள்ல ஆடுனதை அப்படியே அடுத்த டேபிளுக்கு அனுப்பிடுவாங்க. அதனால "எனக்கு நல்ல சீட்டு வந்துச்சு"ங்கற பேச்சுக்கே இடமில்ல, உங்களுக்கு வந்த அதே கை இன்னொருத்தனுக்கும் வந்திருக்கும், அவன் என்ன பண்ணான்னு பதிவுல இருக்கும். ஏமாத்துனவங்களை கடைசில மாட்ட வெச்சதும் இந்தப் பதிவுதான்.

2015க்கு முன்னாடியும் இது நடக்காம இல்ல. 1965ல புவெனஸ் அயர்ஸ்ல நடந்த உலகப் போட்டில ரீஸ், ஷாப்பிரோன்னு பிரிட்டிஷ் ஜோடி, சீட்டைப் பிடிச்சிருக்கற விரல் எண்ணிக்கையால ஆட்டின் எத்தனைன்னு சொல்லிக்கறாங்கன்னு புகார். உலக சங்கம் குற்றவாளின்னுச்சு, பிரிட்டன்ல தனியா விசாரணை வெச்சு நிரூபணம் ஆகலன்னு சொல்லிட்டாங்க. 1975 பெர்முடா பவுல்ல, அதாவது டீம்களுக்கான உலக சாம்பியன்ஷிப்ல, முதல் முறையா டேபிளுக்குக் குறுக்க திரை போட்டாங்க, பார்ட்னர் மூஞ்சியே தெரியாத மாதிரி. உடனே அதே போட்டில ஒரு இத்தாலி ஜோடி டேபிளுக்கு அடில காலால தட்டிக்கறாங்கன்னு புகார் வந்துச்சு! கண்டிச்சு விட்டுட்டாங்க, இத்தாலி கப்பும் ஜெயிச்சுது. அப்புறம் டேபிளுக்கு அடியிலயும் தடுப்பு வந்துச்சு. 2013ல பாலில சீனியர் பிரிவுல ஜெர்மனியோட ரெண்டு டாக்டருங்க இருமியே சொல்லிக்கிட்டாங்க, எத்தனை இருமல்ங்கறதுதான் குறி. எதிர்ல ஆடுன அமெரிக்க டீம்ல ஒருத்தர் சண்டை போடாம, கத்தாம, எந்தக் கைக்கு எத்தனை இருமல்னு உக்காந்து குறிச்சுக்கிட்டே வந்திருக்கார், அப்புறம் வீடியோவோட பொருத்திப் பாத்தா சரியா வந்துச்சு. அந்த ஆள் மேல எனக்குப் பெரிய மரியாதை உண்டு, நம்மளா இருந்தா ரெண்டாவது இருமலுக்கே டேபிளைக் கவுத்திருப்போம்.

சரி, 2015. லோட்டன் ஃபிஷர், ரான் ஷ்வார்ட்ஸ், ரெண்டு பேரும் இஸ்ரேல், சின்ன வயசு, நாலா பக்கமும் ஜெயிச்சுக்கிட்டிருந்த ஜோடி. 2014ல ஐரோப்பிய சாம்பியன் பட்டம் ஜெயிச்ச இஸ்ரேல் டீம்ல இருந்தவங்க. நார்வேக்காரர் போயே ப்ரோகலண்ட் இவங்களோட ஒரே டீம்ல ஆடுனவர். பிரிட்ஜ்ல பெரிய டீம்கள் பூரா ஸ்பான்சர் காசுலதான் ஓடும், பணக்காரர் ஒருத்தர் தானும் ஆடணும்னு ஆசைப்பட்டு மத்தவங்களுக்கு சம்பளம் குடுத்து வெச்சுக்குவார். அப்படி இந்த ஜோடி 2015ல வேற ஸ்பான்சர்கிட்ட தாவிட்டாங்க. அந்த ஆகஸ்ட்ல சிகாகோல ஸ்பிங்கோல்ட்னு ஒரு பெரிய டீம் போட்டி, ப்ரோகலண்ட் டீமும் இவங்க டீமும் மோதுது, ப்ரோகலண்ட் டீம் ஒரே ஒரு பாயிண்ட்ல ஜெயிச்சதா முதல்ல அறிவிப்பு, அப்புறம் எதிர் டீம் அப்பீல் பண்ணி அது தலைகீழா மாறி ஒரு பாயிண்ட்ல தோத்துட்டாங்க.

ஒரு பாயிண்ட்ல தோத்தவனுக்குத் தூக்கம் வருமா? அவர் உக்காந்து இணையத்துல இருந்த பழைய மேட்ச் பதிவுகளைத் தோண்ட ஆரம்பிச்சார். இவங்க இறக்குன முதல் சீட்டுங்களைப் பாத்தா, நான் மேல சொன்ன மாதிரி, யாரும் இறக்க மாட்டாத சீட்டை இறக்கியிருக்காங்க, அது பலிச்சிருக்கு. விவரம் புரிஞ்சவங்க இந்த இடத்தைத்தான் கவனிக்கணும். நிறைய ஜெயிக்கறது சந்தேகத்துக்குரிய விஷயமே இல்ல, திறமைசாலி ஜெயிப்பான். துணிஞ்சு கோக்குமாக்கா ஆடுறதும் தப்பில்ல, ஆனா துணிஞ்சு ஆடுறவன் பல தடவை மூஞ்சியும் உடைஞ்சு நிப்பான். கோக்குமாக்கா ஆடி, பலிக்கும்போது மட்டுமே கோக்குமாக்கா ஆடி, மத்த நேரம் ஒழுங்கா புத்தகத்துல இருக்கற மாதிரி ஆடுறான்னா அவனுக்கு எப்போ எதை ஆடணும்னு யாரோ சொல்றாங்கன்னு அர்த்தம்.

ஆகஸ்ட் கடைசில ப்ரோகலண்ட் பேரைச் சொல்லியே போட்டு உடைச்சார். அதுல அவருக்கும் நஷ்டம், ஏன்னா அவங்களோட சேந்து ஜெயிச்ச பட்டங்களும் அழுக்காயிடும்ல, அதையெல்லாம் விட்டுத் தர்றோம்னும் சொன்னார். ஆனா அந்த நேரத்துல அவர் கைல இருந்தது சந்தேகம் மட்டும்தான், எப்படி சொல்லிக்கறாங்கங்கறது தெரியாது. எதிர்த் தரப்புல இருந்து வக்கீல் நோட்டீஸ் மிரட்டல். "குறி எதுன்னு காட்டு"ன்னு கேட்டா காட்ட ஒண்ணும் இல்ல.

அப்போதான் வீடியோ வந்துச்சு. 2014 ஐரோப்பிய சாம்பியன்ஷிப் குரோஷியால ஒபாட்டியாங்கற ஊர்ல நடந்தது, அந்த மேட்ச் வீடியோ எல்லாம் யூடியூப்ல கிடந்துச்சு. பல நாட்டு ஆட்டக்காரங்க ராத்திரி பகலா பாத்தாங்க. இருமல் இருக்கா, மூக்கைத் தொடுறாங்களா, சீட்டைப் பிடிக்கற விதம் மாறுதா... ஒண்ணும் சிக்கல. ஸ்வீடன் வீரர் பேர்-ஊலா குல்லின் கடைசில கண்டுபிடிச்சார், அவர் பாத்தது ஆளுங்களை இல்ல, அந்த பிளாஸ்டிக் போர்டை.

அது எப்படின்னா, திரை போட்ட டேபிள்ல அடியில ஒரு சின்ன இடைவெளி இருக்கும், கேக்குற நேரத்துல அது வழியா ஒரு தட்டு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமுமா போய் வரும், போர்டும் அது மேலயே உக்காந்திருக்கும். கேட்டு முடிஞ்சதும் தட்டை எடுத்துட்டு போர்டை டேபிள்ல வைக்கணும். சாதாரணமா யாரும் அதை எங்க வைக்கறோம்னு யோசிக்கக்கூட மாட்டாங்க, கைக்கு வந்த இடத்துல வெச்சுட்டு ஆட்டத்தைப் பாப்பாங்க. இவங்க ஜோடில ஒருத்தர் போர்டை ஒரு இடத்துல வெச்சா ஒரு இனம், கொஞ்சம் தள்ளி வெச்சா வேற இனம், திரை இடைவெளிக்குள்ள நகத்தி வெச்சா இன்னொண்ணு. பார்ட்னர் மூஞ்சி தெரியாட்டி என்ன, போர்டு தெரியுதே! திரையை ஏமாத்தணும்னு சீட்டு வைக்கற சாமானையே யூஸ் பண்ணியிருக்காங்க, கோபம் ஒரு பக்கம் இருந்தாலும் இதை யோசிச்ச மூளையை நினைச்சா... சரி விடுங்க.

அடுத்தது இன்னும் சுவாரசியம். நெதர்லாந்துல மாய்க்கே மேவியஸ்னு ஒரு பெண் விஞ்ஞானி, இயற்பியல், பிரிட்ஜ் பொழுதுபோக்குக்கு ஆடுறவங்க. இந்தக் களேபரத்தைப் பாத்துட்டு, அவங்களும் சும்மா வீடியோ பாத்திருக்காங்க, ஃபாண்டோனி, நூனெஸ் ஆடுன வீடியோ. இத்தாலிக்காரங்க, அப்போ மொனாக்கோவுக்கு ஆடுனாங்க, தரவரிசைல உலகத்துலயே உச்சில இருந்தவங்க. அவங்க இறக்குற முதல் சீட்டு சில நேரம் டேபிள்ல நெட்டுக்குத்தா இருக்கு, சில நேரம் குறுக்க படுத்திருக்கு. ஏன்? அந்த இனத்துல கைல இன்னும் பெரிய சீட்டு, அதாவது ஏஸ், ராஜா, ராணி ஏதாவது இருந்தா நெட்டுக்குத்து, இல்லேன்னா குறுக்கன்னு அவங்களுக்குத் தோணுச்சு. ப்ரோகலண்டுக்கு ஒரு மெயில் போட்டாங்க. பெரிய ஆட்டக்காரங்க வருஷக்கணக்கா எதிர்ல உக்காந்து பாக்காததை வீட்ல உக்காந்து ஒரு அமெச்சூர் பாத்துட்டாங்க, ஏன்னா பெரிய ஆட்டக்காரன் சீட்டுல எந்த எண் இருக்குன்னு பாப்பான், அது எந்தத் திசைல கிடக்குன்னு பாக்க மாட்டான்.

அதுக்கப்புறம் அமெரிக்க நிபுணர் கிட் வுல்ஸி எண்பதுக்கு மேல கைகளை எடுத்து ஒவ்வொண்ணா சரிபாத்து எழுதினார், பொருந்தாதது விரல் விட்டு எண்ற அளவுதான்.

இங்க நம்ம ஆளுங்க வழக்கமா கோட்டை விடுற ஒரு இடம் இருக்கு. வீடியோவைத் திரும்பத் திரும்பப் பாத்தா எதுலயும் ஒரு குறியைக் கண்டுபிடிக்கலாம். காதைச் சொறிஞ்சான், கண்ணாடியைத் தூக்கினான், தண்ணி குடிச்சான், ஏதோ ஒண்ணு ஏதோ ஒரு கையோட பொருந்தத்தான் செய்யும். அதனால பத்து கைல பாத்து குறி இதுதான்னு முடிவு பண்ணிட்டா அதே பத்து கையை சாட்சியா காட்டக்கூடாது, இதுவரைக்கும் பாக்காத மேட்ச் வீடியோவை எடுத்து, சீட்டு எப்படி வெச்சாங்கன்னு மட்டும் பாத்து, கைல பெரிய சீட்டு இருக்கா இல்லையான்னு முதல்லயே எழுதி வெச்சுட்டு, அப்புறம் பதிவைத் திறந்து பாக்கணும். அதோட வேற ஜோடிங்களையும் அதே மாதிரி பாக்கணும், அவங்களுக்கும் இதே மாதிரி பொருந்துனா உங்க குறி ஊத்தல். இன்னொரு சோதனையும் இருக்கு, முதல் சீட்டை எதிராளி இறக்கப் போற கைகள்ல இவங்களுக்கு சொல்லிக்க எதுவும் இல்லையே, அப்பவும் போர்டை அப்படியே பாத்துப் பாத்து வைக்கறாங்களான்னு கவனிக்கணும். தேவை இருக்கறப்போ மட்டும் ஒரு பழக்கம் தலைகாட்டுதுன்னா அதைப் பழக்கம்னு நான் ஏத்துக்க மாட்டேன்.

வீட்ல ஆடுற 28க்கு இவ்ளோ ஆராய்ச்சியான்னு கேக்காதீங்க, காசு வெச்சு ஆடுறீங்கன்னா கேமராவெல்லாம் வேணாம், பாக்க வேண்டியது கொஞ்சம்தான். சந்தேகப்படுற ஜோடியைப் பிரிச்சு வேற வேற ஆளோட உக்கார வைங்க, ரெண்டு பேரோட "ஞானமும்" ஒரே நாள்ல மறைஞ்சா விஷயம் புரிஞ்சிடும். கேக்குறப்போ வார்த்தை மாறுதான்னு பாருங்க, ஒரு நேரம் "பதினெட்டு", ஒரு நேரம் "பதினெட்டுன்னு வெச்சுக்கோ", இது ரெண்டும் ஒண்ணு இல்ல. எவ்ளோ நேரம் யோசிச்சு சீட்டு போடுறாங்கங்கறதும் ஒரு தகவல்தான், அது பல நேரம் வேணும்னே பண்றதுகூட இல்ல. போன் டேபிள்ல இருக்கவே கூடாது. ஆன்லைன்ல ஆடுறவங்க நிலைமை இன்னும் மோசம், பக்கத்து ரூம்ல பார்ட்னர் இருந்தா எந்தத் திரையும் கிடையாது. 2020ல கொரோனா நேரத்துல பிரிட்ஜ் பூரா ஆன்லைனுக்குப் போனப்போ, இன்னொரு அக்கவுண்ட்ல பார்வையாளரா உள்ள வந்து நாலு கையையும் பாத்துக்கிட்டு ஆடுன பெரிய ஆட்டக்காரங்க மாட்டுனாங்க, சிலர் தாங்களே ஒத்துக்கவும் செஞ்சாங்க. அவங்களைக் காட்டிக் குடுத்ததும் பழைய அதே கணக்குதான், தெரிய வாய்ப்பே இல்லாத இடத்துல தப்பே பண்ணாம ஆடியிருந்தாங்க.

இப்போ சென்னை. 2015 உலக டீம் சாம்பியன்ஷிப், பெர்முடா பவுல் அதுலதான், செப்டம்பர் 26ல இருந்து அக்டோபர் 10 வரைக்கும் சென்னைல. போட்டி ஆரம்பிக்கறதுக்கு முன்னாடியே இஸ்ரேல் விலகிடுச்சு, மொனாக்கோ விலகிடுச்சு. ஜெர்மனியோட பியேகாரெக், ஸ்மிர்னாவ் ஜோடி, எங்களைப் பத்தி பேசிக்கறதுல உண்மை இருக்குன்னு தாங்களே அறிக்கை விட்டு ஒதுங்க, ஜெர்மனி டீமும் வரல. போலந்து கதைதான் உச்சம், அவங்க டீம்ல பாலிட்ஸ்கி, ஸ்முட்ஜின்ஸ்கின்னு ரொம்ப சீனியர் ஜோடி, உலக சங்கம் கடைசி நேரத்துல அவங்களுக்கு மட்டும் அனுமதி இல்லன்னுடுச்சு. சாதாரணமா ஆறு பேர் இருப்பாங்க, ரெண்டு வாரம் தினமும் மணிக்கணக்கா ஆடணும்ங்கறதால ஒரு ஜோடி மாத்தி ஒரு ஜோடி ஓய்வு எடுக்கும். போலந்து மிச்சமிருந்த நாலு பேரோட ஓய்வே இல்லாம ஆடி, ஃபைனல்ல ஸ்வீடனை அடிச்சு கப்பைத் தூக்கிட்டாங்க. அந்த வருஷத்துல எனக்கு ரொம்பப் பிடிச்ச செய்தி அதுதான்.

தண்டனை விஷயம் அவ்ளோ நேரா முடியல. ஃபிஷர், ஷ்வார்ட்ஸுக்கு ஐரோப்பிய சங்கம் அஞ்சு வருஷத் தடை போட்டு, ஆயுசுக்கும் ரெண்டு பேரும் ஜோடியா ஆடக்கூடாதுன்னுச்சு. ஃபாண்டோனி, நூனெஸுக்கும் 2016ல அதே மாதிரி தீர்ப்பு. ஆனா அவங்க சுவிட்சர்லாந்துல இருக்கற விளையாட்டு நடுவர் மன்றத்துக்குப் போனாங்க, 2018 ஜனவரில மன்றம் தடையை ரத்து பண்ணிடுச்சு. ஆதாரம் தேவையான அளவுக்கு இல்லங்கறதுதான் காரணம். சட்டப்படி பாத்தா தப்பில்ல, ஒருத்தன் பொழைப்பையும் பேரையும் எடுக்கறதுக்கு முன்னாடி நிரூபணம் கேக்கத்தான் வேணும், அதனால அவங்களைக் குற்றவாளின்னு நான் எழுத முடியாது. ஆனா அந்த வீடியோக்களை உக்காந்து பாத்த ஆட்டக்காரங்க பெரும்பாலும் தங்களோட முடிவை மாத்திக்கல.

2021ல பெர்முடா பவுலுக்கு ஐரோப்பிய தகுதிச்சுற்று ஆன்லைன்ல நடந்துச்சு. இத்தாலி தன் டீம்ல ஃபாண்டோனியைச் சேத்துச்சு, மன்றம் விடுவிச்சாச்சே, சேக்க உரிமை இருக்கு. எதிர் டீம்கள் ஒவ்வொண்ணா இத்தாலியோட மேட்ச் வந்தப்போ ஆட மாட்டோம்னு பாயிண்டை விட்டுக் குடுத்துட்டுப் போயிட்டாங்க, ஒரு நாடு கூட அவங்களோட உக்காந்து சீட்டு எடுக்கல.